புதன்கிழமை மீன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, செத்துப்போன என் மாமனாரின் கைத்துப்பாக்கியைப் பிரித்து ஒரு ஸ்ப்ரிங்கை மாற்றினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை. அதில் பத்து நிமிஷம், தெறித்து ஓடிய ஸ்ப்ரிங்கை ஃப்ரிட்ஜுக்கு அடியில் துடைப்பக் குச்சியால் துழாவியதில் போனது. பாட்டிலிங் ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவனுக்கு ஸ்ப்ரிங் மாற்றுவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தினமும் நாலு மாற்றுவேன், வீட்டுக்கு வந்து ஒன்றைப் பற்றியும் பேசமாட்டேன். இந்த ஒன்று மட்டும் நாலு வாரமாக மண்டைக்குள் கிடந்து உருட்டுகிறது.

எனக்கு ஊர் சாத்தூர். வெடி வாசனை புதிதில்லை. சிவகாசிப் பக்கம் பாதி சொந்தக்காரர்களுக்குச் சட்டையில் அந்த வாசனைதான். ஆனால் துப்பாக்கி என்று நான் பார்த்தது வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல் மட்டுமே. அதுவும் சுடுமா என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 2007-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமனார் வீட்டுக்கு முதல் முறை சாப்பிடப் போனபோது, அலமாரிக் கதவுக்குப் பின்னால் சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டியைப் பார்த்து நகைப்பெட்டி என்று நினைத்தேன். "நகை இல்ல, தம்பி. ஊர் அப்படி," என்றார் மாமா. அதற்கு மேல் சொல்லவில்லை.

அவர் 1947-ல் டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவர். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தபோது இரண்டு வயசுக் குழந்தை. பக்கத்தில் இருந்த ஒரு ஜூலுக் குடும்பம்தான் தகரக் கொட்டகையில் கோழிகளோடு கோழியாக அவரையும் அவர் அம்மாவையும் இரண்டு நாள் ஒளித்து வைத்ததாம். பிற்பாடு, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் கேட்டோ மேனரைக் காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினார்கள். இங்கே ஒரு டீ ரூம் போட்டார். டீ ரூம் என்றால் டீக்கடை இல்லை. ரொட்டி, பால், பாரஃபின், உதிரி சிகரெட் விற்கிற மூலைக்கடைக்கு டர்பனில் அதுதான் பெயர். கடையில் இரண்டு முறை கொள்ளை நடந்தது. 1995-ல் லைசென்ஸ் எடுத்து இந்தத் துப்பாக்கியை வாங்கினார். இதுவரைக்கும் குடும்பத்தில் எல்லாரும் சொல்லும் கதை. கூடவே இன்னொரு வரியும் உண்டு: "வாங்கினதோட சரி, ரெண்டு தரம் சுட்டிருப்பாரு. அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது." என் மனைவி, மச்சான், கல்யாண வீட்டில் வரும் தூரத்துச் சித்தப்பா, எல்லார் வாயிலும் இதே வரிதான், வார்த்தை மாறாமல்.

துப்பாக்கியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெக்டர் இசட் 88. பிரிட்டோரியாவை ஒட்டிய லிட்டல்டன் ஆலையில் செய்தது. அச்சு அசலாக இத்தாலியின் பெரெட்டா 92. 1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு யாரும் ஆயுதம் விற்கக் கூடாது என்று தீர்மானம் 418-ஐப் போட்டது. வெளியே வாங்க முடியாததை இங்கேயே பார்த்துச் செய்துகொண்டார்கள், போலீஸ்காரர் இடுப்பில் ஏறியது. தடை 1994 மே மாதம்தான் நீங்கியது. அடுத்த வருஷமே, எந்தப் போலீஸ் தன்னைக் கேட்டோ மேனரில் இருந்து லாரியில் ஏற்றியதோ அதே போலீஸின் துப்பாக்கியை மாமா காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். இதை ஒரு தடவை அவரிடமே சொன்னேன். "விலை குறைவா கெடச்சுது," என்றார்.

2022-ல் போய்ச் சேர்ந்தார். இங்கே துப்பாக்கி பாத்திரம் பண்டம் மாதிரி பிள்ளைகளுக்கு வந்து சேராது. லைசென்ஸ் செத்தவர் பெயரில் இருந்தது, ஆகவே அது ஒரு டீலரின் காப்பறைக்குப் போனது. மச்சானுக்கு வேண்டாம். என் மனைவியின் கட்சி, போலீஸில் ஒப்படைத்துவிடலாம் என்பது. நான்தான் இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் பாதுகாப்புக்கு என்று சொல்லியிருப்பேன். நிரந்தர வசிப்புரிமை இருப்பதால் விண்ணப்பிக்கலாம். பயிற்சி, தகுதிச் சான்றிதழ், பிறகு துப்பாக்கிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் தற்காப்பு லைசென்ஸ், அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். ஸ்டேஷனுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று எழுதினால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும். ஒரு தடவை என் ஃபைலையே காணோம் என்றார்கள். சரி, கடைசியில் அட்டை வந்தது.

நாலு மில்லிமீட்டர்

வந்த வாரமே சுடுகளத்துக்குக் கொண்டுபோனேன். முதல் குண்டு ஒழுங்காகத்தான் போனது. ஆனால் காலித் தோட்டா பக்கத்தில் விழாமல் தடுப்பைத் தாண்டி அடுத்தவர் தோளில் போய் விழுந்தது. அவர் நல்ல மனுஷர், எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டாவதுக்கு விசையை இழுக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தால் மேலே இருக்கும் ஸ்லைடு முழுசாக முன்னால் வந்து மூடவில்லை. நாலு மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளங்கையால் பின்னாலிருந்து தட்டினேன், மூடிக்கொண்டது. மூன்றாவது சரியாக வந்தது, நாலாவது மறுபடி பாதியில் நின்றது. களத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், ரிட்டயரான போலீஸ்காரர், வாங்கி, குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றி, குண்டு உட்காரும் அறையைக் காலி செய்து, ஸ்லைடை இரண்டு தரம் இழுத்து விட்டார். "ஸ்ப்ரிங் செத்துப்போச்சு. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப காலமாவே," என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இதை நம்பியா வீட்டில் வைத்திருந்தீர்கள் என்பது மாதிரி.

இந்த ஸ்ப்ரிங்கின் வேலை லேசானது. குண்டு வெடிக்கும் வேகத்தில் ஸ்லைடு பின்னால் ஓடும், காலித் தோட்டாவைத் துப்பும். பின்னால் தள்ளுவது வெடி. முன்னால் கொண்டுவருவது பேரலுக்குக் கீழே சுருண்டிருக்கும் ஸ்ப்ரிங். வரும் வழியில் அடுத்த குண்டை மேகசினில் இருந்து உருவி அறைக்குள் தள்ளிப் பூட்டுவதும் அதன் பொறுப்பு. டென்ஷன் போய்விட்டால் பின்னால் போவது தடாலென்று போகும், முன்னால் வருவது நொண்டிக்கொண்டு வரும். காலித் தோட்டா தூரமாகப் பறப்பதும், ஸ்லைடு பாதியில் நிற்பதும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள். ஐயாயிரம் குண்டுக்கு ஒருமுறை இதை மாற்றிவிட வேண்டும் என்பது கணக்கு.

எனக்கு இடித்தது அங்கேதான். ஐயாயிரம் குண்டுக்கு ஒருமுறை. இரண்டு தரம் சுட்ட துப்பாக்கிக்கு ஏன் டென்ஷன் போகும்?

கொஞ்சம் தொழில் பேச்சு பேசிக்கொள்கிறேன். சும்மா கிடக்கிற ஸ்ப்ரிங் சாவதில்லை. அமுங்கியே கிடந்தாலும் நல்ல எஃகு என்றால் அவ்வளவு சீக்கிரம் தளராது. அமுங்கி, விரிந்து, அமுங்கி, விரிந்துதான் அது தேயும். ஆலையில் ஒரு மெஷின் மேல் கையை வைத்தால் அதை ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம். பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஒன்று, பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் ஒன்று. ஆபரேட்டர் சத்தியம் பண்ணுவான், "சார், நான் ஸ்பீடைத் தொடவே இல்ல" என்று. நான் பதில் பேசமாட்டேன். தேய்ந்ததை எடுத்து அவன் முன்னால் வைப்பேன். ஆக, சுடுகளத்திலிருந்து காரில் திரும்பும்போதே எனக்குத் தெரியும், குடும்பத்தில் எல்லாரும் சொல்லும் அந்த வரி பொய்.

பிஸ்கட் டப்பா

பேரல், ஃப்ரேம், ரிசீவர் இவற்றுக்குத்தான் இங்கே சட்டத்தில் லைசென்ஸ் கேட்கும். ஸ்ப்ரிங்குக்குக் காகிதம் தேவையில்லை, கடையில் போய்க் கேட்டால் கொடுப்பான். பெரெட்டாவின் ஸ்ப்ரிங்கே இதற்குச் சேரும். வாங்குவதற்கு முன்னால், பழைய கையேடு ஏதாவது இருக்கிறதா பார்ப்போம் என்று அத்தையிடம் கேட்டேன். அலமாரி மேல் தட்டைக் காட்டினார். ஒரு பிஸ்கட் டப்பா. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, ஸ்பூன் காம்பால் நெம்பித்தான் திறந்தேன். கையேடு இல்லை. ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு. ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடிந்தது.

61 ரசீது. எல்லாம் சுடுகளத்தின் குண்டு ரசீது. பெரும்பாலும் ஐம்பது குண்டுப் பெட்டி இரண்டு. 1995 கடைசியில் தொடங்கி 2003 வரை. ஆறாயிரத்துச் சொச்சம் குண்டு. தேதிகளை ஃபோனில் வைத்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பார்த்ததும் நிறுத்திவிட்டேன். எல்லாம் புதன்கிழமை.

புதன்கிழமை மாமா மீன் பிடிக்கப் போவார். இது எங்கள் வீட்டில் புராணம். கடையை மத்தியானத்துக்கு மேல் தம்பியிடம் விட்டுவிட்டு, தூண்டில் கம்பை காருக்கு மேல் கட்டி, புளூ லகூன் பக்கம் போய் ஷேட் மீன் பிடித்துக்கொண்டு வருவாராம். என் மனைவி சின்ன வயசில் எத்தனையோ தடவை கூட வருகிறேன் என்று அழுதிருக்கிறாள். "அலை இழுத்துட்டுப் போயிரும்" என்பாராம். டர்பனில் பாதி தமிழ் ஆண்களுக்குக் கடற்கரையும் தூண்டிலும்தான் கோவில், ஆகவே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

டப்பாவின் அடியில் இன்னொன்று இருந்தது. பிரிக்காத பிளாஸ்டிக் உறை. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு ஸ்ப்ரிங். கூடவே அதன் ரசீது, 2003 பிப்ரவரி. அதற்கப்புறம் ஒரே ஒரு குண்டு ரசீதுகூட இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தேய்ந்தது அவருக்குத் தெரியும். மாற்று வாங்கியும் வைத்துவிட்டார். மாற்றவில்லை. பத்தொன்பது வருஷம், சாகிற வரைக்கும், அலமாரியில் புதுசு, துப்பாக்கியில் செத்தது. கை நடுக்கமா? இல்லை, 2003-ல் அவருக்கு ஐம்பத்தாறு வயசுதான், கடையில் அறுபது கிலோ மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மறதியா? டீ ரூமில் எவன் எவ்வளவு பாக்கி என்று முப்பது வருஷக் கணக்கை வாயில் வைத்திருந்தவர். எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் 2021 ஜூலை நினைவுக்கு வந்தது.

அந்த மாதத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதில் ஆரம்பித்தது, நாட்டில் முந்நூற்று ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் தெருவை ஒரு சோஃபா, நாலு குப்பைத்தொட்டி, டயர் எல்லாம் போட்டு அடைத்திருந்தோம். நான் கையில் டார்ச்சோடு நின்றேன், கூட நின்ற பையனிடம் கிரிக்கெட் மட்டை. மாமா மூன்று இரவும் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜூலைக் குளிர், மடியில் போர்வை. போர்வைக்கு அடியில் அது. எழுபத்து நாலு வயசு. தெருவில் எல்லாருக்கும் தெரியும், தாத்தா கையில் இருக்கிறது என்று. அந்தத் தைரியத்தில் சிலர் வீட்டுக்குள் போய்த் தூங்கியும் இருக்கிறார்கள்.

இரண்டாம் இரவு ரெண்டு மணி இருக்கும். கீழேயிருந்து ஒரு ஆள் தனியாக நடந்து வந்தார். கையில் பை. பையன் மட்டையைத் தூக்கினான். நான் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தேன், அவர் கண்ணைக் கூசிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மாமா எழுந்து கேட்டுக்கு வந்தார், போர்வை ஒரு கையில். அந்த ஆள் மெதுவாக, "சவுபோனா, ம்குலு," என்றார். ஜூலுவில் வணக்கம் தாத்தா என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிஃப்ட். டாக்ஸி ஓடவில்லை, வெல்பெடாக்டுக்கு நடந்தே போகிறார். ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டார். மாமா ஜூலுவில் பதில் சொன்னார், அந்தப் பக்கம் அடைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பின்வழியாகப் போ என்று. எங்களைப் பார்த்து, "சோஃபாவை நகர்த்து," என்றார். நகர்த்தினோம். அந்த ஆள் போனார். அவ்வளவுதான். டர்பனின் இன்னொரு இந்தியப் பகுதியான ஃபீனிக்ஸில் அந்த நாட்களில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் இப்படி நடந்தோ காரிலோ போனவர்கள், ஆப்பிரிக்கர்கள். எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டார்ச் அடித்த கை என்னுடையது.

ஆனால் டப்பாவைப் பார்த்த பிறகு அந்த இரவை வேறு மாதிரி பார்க்கிறேன். போர்வைக்கு அடியில் இருந்தது முழுசாக வேலை செய்யாது என்று தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆலையில் புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. மெஷின் ஒன்று ஓட வேண்டும், இல்லையென்றால் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். ஓடாத மெஷினில் அட்டை மாட்டாமல் விட்டால் வேலை போய்விடும். நடுவில் மூன்றாவது நிலை கிடையாது. பதினெட்டு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்கு இது கிட்டத்தட்ட மதம். மாமா அந்த மூன்றாவது நிலையில் பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறார். மாற்றவும் இல்லை, போலீஸில் கொடுக்கவும் இல்லை. 2019 டிசம்பரிலும், மறுபடி 2020 ஆகஸ்டிலும் அரசாங்கமே பொதுமன்னிப்பு அறிவித்து ஒப்படைக்கச் சொன்னது, கொடுக்கவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. நாளைக்கு நிஜமாகவே யாராவது உள்ளே வந்திருந்தால்? வீட்டில் பெண்கள், என் மகள். அட்டை மாட்டாத மெஷின்.

மேசையில்

அந்தக் கோபத்தில்தான் மாற்ற உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். புது ஸ்ப்ரிங் வாங்கவில்லை, டப்பாவில் இருந்ததையே எடுத்தேன். எண்ணெய்க் காகிதம் தன் வேலையைச் செய்திருந்தது, ஒரு புள்ளி துரு இல்லை. குண்டுகள் எல்லாம் பெட்டிக்குள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து அறை காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்தேன். வலப்பக்கத்துப் பொத்தானை அமுக்கி இடப்பக்கத்து நெம்பியைக் கீழே திருப்பினால், ஸ்லைடு மொத்தமாக முன்பக்கம் உருவிக்கொண்டு வந்துவிடும். இத்தாலிக்காரன் நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். கவிழ்த்துப் பிடித்து, ஸ்ப்ரிங்கைத் தாங்கும் கைடு ராடை முன்னால் அமுக்கித் தூக்கினால் ஸ்ப்ரிங் கையோடு வரும். பழையது வந்தபோது அதில் எதிர்ப்பே இல்லை, கிழவர் கையைப் பிடித்து எழுப்புகிற மாதிரி வந்தது. புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் குட்டை. சுருள்கள் சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி. விரல் நகத்தை ஓட்டினால் கைடு ராடில் உரசிய பக்கம் வழவழவென்று தட்டையாகியிருந்தது. ஆறாயிரம் தடவை.

புதுசைப் போடும்போதுதான் கட்டைவிரல் வழுக்கிப் பறந்தது. ஊறுகாய் ஜாடியில் டிங் என்று பட்டுத் தரையில் ஓடியது. நான் குனிந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்தார். எண்பதை நெருங்குகிறார். அவர் பேசுவது அவருடைய ஆயா வட ஆற்காட்டில் இருந்து கொண்டுவந்த தமிழ், நடுநடுவே இங்கிலீஷ். மேசையில் பரத்தியிருந்ததைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய ஸ்ப்ரிங்கை எடுத்து, மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"புதன்கெழம வாசன," என்றார்.

நான் தரையிலிருந்தே நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"அக்டோபர்ல ஷேட் புடிக்க விடமாட்டான். நவம்பர்லயும் விடமாட்டான். ரெண்டு மாசம் மூடிப்புடுவான். இவரு அக்டோபர்லயும் போவாரு. எனக்குத் தெரியாதா?" ஸ்ப்ரிங்கைக் கீழே வைத்தார். "கொண்டாற மீனு ஃப்ரிட்ஜில இருந்த சில்லு. வயிறு கீறி சுத்தம் பண்ணி வேற இருக்கும். எந்தக் கடல்ல, தம்பி, மீனு வயிறு கீறிக்கிட்டு வருது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு. எட்டு வருஷம் மீன் கடையில் காசு கொடுத்து வாங்கி, தூண்டில் கம்பைக் காரில் கட்டி ஊர்வலம் போயிருக்கிறார் மனுஷர். கேட்கவே இல்லையா என்றேன். "சந்தோஷமா வருவாரு. புதன்கெழம மட்டும் பாட்டு பாடிக்கிட்டு வருவாரு. கேட்டா பாட்டு நின்னுரும்."

அவருக்கு அது பிடித்திருக்கிறது. அதுதான் ரகசியம். எல்லாரிடமும் வெறுப்பு என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை புதன்கிழமை போய் நூறு குண்டு சுட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை, ஏனென்றால் பத்து நிமிஷம் முன்னால் அந்த உருப்படியைப் பிரித்துப் போட்டபோது எனக்கும் உள்ளே ஏதோ பாடிக்கொண்டுதான் இருந்தது. ஒழுங்காகச் செய்த எந்த மெஷினும் அப்படித்தான். அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது கைக்குத் தெரிவதில்லை.

"அப்புறம் ஏன் நிறுத்தினார்?" என்று கேட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. மேசை மேல் இருந்த பேரலை விரலால் தள்ளி நேராக்கி வைத்தார், தட்டுகளை அடுக்குகிற மாதிரி. பிறகு சொன்னார். மூன்றாவது கொள்ளை அந்த வருஷம்தான். இதுவும் எங்களுக்குத் தெரிந்த கதைதான்: மாமா துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போன அன்றைக்குப் பார்த்து வந்தார்கள், கல்லாவைக் கொடுத்துவிட்டார், அந்தச் சலிப்பில் கடையை விற்றார்.

"வீட்ல இல்ல. இடுப்புல இருந்துச்சு," என்றார் அத்தை. "நான் பின்னால ரொட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரு. ஒருத்தன் பெரியவன், கத்தி. இன்னொண்ணு பொடியன், பதினாலு வயசு இருக்கும். அவன் கையில துப்பாக்கி, கை ஆடுது. அந்தப் பொடியன் தெனம் வந்து முட்டாயி வாங்குவான். இவரு சட்டைக்குள்ள கைய விட்டாரு. நான் பாத்தேன். விட்டாரு. அப்புறம் கைய வெளிய எடுத்தாரு. சும்மா, வெறுங்கைய. கல்லாவத் தொறந்து குடுத்தாரு."

"ராத்திரி வந்து என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. 'வீட்ல வச்சிட்டுப் போயிட்டேன்னு சொல்லிரு'ன்னாரு. சொன்னேன்."

கொள்ளை எந்த மாதம் என்று கேட்டேன். அத்தைக்கு நினைவில்லை, மாம்பழம் முடிந்திருந்தது என்றார். ஸ்ப்ரிங் வாங்கியது பிப்ரவரி. ஒருவேளை வாங்கிவைத்த சில வாரத்தில் அது நடந்து, அதற்குப் பிறகு அவருக்கு மாற்ற மனசு வரவில்லையோ. ஒருவேளை, ஸ்ப்ரிங் தேய்ந்தது தெரிந்ததால்தான் அன்றைக்குக் கையை வெளியே எடுத்தாரோ. இது இரண்டுக்கும் எவ்வளவு தூரம். முதலாவது என்றால் அவர் ஒரு முடிவு எடுத்த மனுஷர். இரண்டாவது என்றால், நின்றுபோகும் என்று கணக்குப் போட்ட வியாபாரி. நான் முதலாவதை நம்ப ஆசைப்படுகிறேன், ஆசைப்படுவதாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஒரு தேய்ந்த உருப்படியை வைத்து எவன் எப்படி ஓட்டினான் என்று சொல்லிவிடுவேன் என்று மேலே மார்தட்டியிருக்கிறேன். ஏன் நிறுத்தினான் என்று ஸ்ப்ரிங் சொல்லாது.

மாட்டி முடித்தேன். கைடு ராடை இடத்தில் உட்காரவைக்க இந்த முறை இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருந்தது, புது எஃகு முறைத்துக்கொண்டு நின்றது. ஸ்லைடை ஃப்ரேமில் ஏற்றி, நெம்பியை மேலே திருப்பி, பின்னால் இழுத்து விட்டேன். டக் என்று ஒரே சத்தத்தில் மூடியது. இடைவெளி இல்லை. ஆலையில் அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த மெஷினுக்குப் போய்விடுவேன். அத்தையின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது.

இப்போது அது வேலை செய்கிறது. பெட்டியில் இருக்கிறது, சாவி என்னிடம். நான் சரியாகத்தான் செய்தேன் என்று என் மதம் சொல்கிறது: ஓட வேண்டும், இல்லையென்றால் அட்டை. ஆனால் முன்பு இரவில் நாய் குரைத்தால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இப்போது கண்ணைத் திறந்து அலமாரியைப் பார்க்கிறேன். டார்ச் பிடித்தவன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெரியவரின் கை எனக்கு இருக்கிறதா என்பது தெரியாது. மனைவி ஒப்படைத்துவிடலாம் என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாமாவைத் திட்டினேனே, அந்த மூன்றாவது நிலை, அதற்குள் நானே கால் வைத்துவிட்டேனோ என்னவோ.

ஸ்ப்ரிங் மாற்றினால் சுட்டுப் பார்க்காமல் விடக் கூடாது, அது வேலை முறை. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டேன். காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அத்தை வாசல் படியில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கே என்று கேட்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை என்பதே எனக்குக் கேட்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

"தம்பி," என்றார் பின்னாலிருந்து. "வர்றப்ப மீனு வாங்கியாந்துரு. கீறாததா பாத்து."